கேள்வி கொண்டு வந்தால்தான் அடுத்த புத்தகம்

எஸ்தர் டீச்சர் போய்விட்டார் என்று சித்தூரிலிருந்து போன் வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: திருப்பதியிலிருந்து வந்திருந்த என் மகள் சரோஜா, பக்கத்து வீட்டு ரத்னம்மா, அவளைக் கைபிடித்து அழைத்து வந்த மருமகள் சுஜாதா, கேபிள் கம்பியைச் சரிசெய்ய ஏணியில் நின்றிருந்த நாகராஜு, நான். போனில் பேசியது டீச்சரின் தங்கை மகள் ஜெயா. சரோஜா போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தாள். நான் வாய் திறப்பதற்குள் ரத்னம்மா, "அய்யய்யோ, டீச்சரம்மாவா?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாகராஜு ஏணியை விட்டு இறங்கி, ஏன் என்று தெரியாமலே தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

நான் அழவில்லை. பயந்தேன். ஆய்வாளர் வந்த அந்த நாளில் பள்ளிக்கூடத்தில் நடந்ததை முழுக்கத் தெரிந்தவர்களில் மீதி இருந்தது அவரும் நானும்தான். சரோஜா அங்கே இருந்தாள், ஆனால் சின்னப் பிள்ளை. இனி நான் ஒருத்திதான். நானும் கண்ணை மூடினால் நடந்ததை வேறு மாதிரிச் சொல்ல எங்கள் எதிர் வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

அவரிடம் படித்தவர்கள், அவரோடு வேலை செய்தவர்கள், அவர் சபையார் எல்லாரும் சேர்ந்து போடும் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னீர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் சரோஜா திருத்துவாள். விஷயத்தைத் திருத்த அவளையும் விடமாட்டேன்.

அடக்கத்தின்போது பேசியவர்கள் எல்லாரும் டீச்சரைத் துணிச்சல்காரர் என்றார்கள். அது சரியில்லை. அவர் பயந்த சுபாவம். பல்லிக்குப் பயப்படுவார், இடிக்குப் பயப்படுவார், காக்கி உடுப்பைக் கண்டால் உள்ளங்கை வேர்க்கும். எங்கள் வீட்டு முன்னறையில்தான் வாடகைக்கு இருந்தார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தோம். அதனால் அவர் பயம் எனக்குத் தெரிந்த அளவு உங்களில் யாருக்கும் தெரியாது.

நகரிக்கு அடுத்த எங்கள் ஊர் நெசவாளர் ஊர். வீட்டுக்கு வீடு தறி. தொடக்கப் பள்ளியில் தெலுங்குக்கு ஒரு பக்கம், தமிழுக்கு ஒரு பக்கம். தமிழ்ப் பக்கத்துக்கு டீச்சர் வந்தபோது ஒரு தகரப் பெட்டி நிறைய, இலாகாவில் கேட்டு வாங்கிய கதைப் புத்தகங்கள் கொண்டுவந்தார். அதற்கு முன் அந்தப் பள்ளியில் புத்தகம் என்றால் பாடப் புத்தகம்தான். பெட்டிக்குள் வைத்தால் பூட்டிய மாதிரி இருக்கிறது என்று சொல்லி, என் வீட்டுக்காரரிடம் முறுக்கு நூல் வாங்கி, வகுப்பறைச் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டி, புத்தகங்களைத் துணி காயப்போடுவது போலத் தொங்கவிட்டார். பிள்ளைகளின் கண் உயரத்துக்குப் படங்கள் ஆடும். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து, "நூலுக்கு இப்பிடி ஒரு வேலை கீதுன்னு தெரியாம பொழுதெல்லாம் வேட்டி நெஞ்சிக்கினு கீறேன்" என்றார்.

டீச்சருக்கு ஒரு சட்டம் இருந்தது. பிள்ளை புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். போனால், வேலை செய்துகொண்டிருக்கும் யாராவது ஒருவருக்கு அதைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். கேட்டவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை மனதில் வைத்துச் சனிக்கிழமை வகுப்பில் சொல்ல வேண்டும். கேள்வி கொண்டு வந்தால்தான் அடுத்த புத்தகம். "பதில் யாருக்கு வேணும் கன்னிம்மா? பதில் சொல்றவங்க நாட்டுல நிறைய பேரு இருக்காங்க" என்பார்.

சரோஜா தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து அவள் நைனாவுக்கு ஒரு கப்பல் கதையைப் படித்தாள். தறியில் நாடா ஓடும் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் படித்தாள். ராஜகுமாரன் கப்பலேறி, புயலில் சிக்கி, தீவில் இறங்கி, யாரையோ கட்டிக்கொண்டு திரும்பினான். கடைசியில் தறி நின்றது. "அவ்ளோ பெரிய காத்துல கப்பல் பாய் கிழியல. அந்தப் பாய நெஞ்சவன் யாருன்னு கேட்டுக்கினு வா" என்றார் அவர். சனிக்கிழமை சரோஜா அதைச் சொன்னதும் டீச்சர் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் தெரியல. இந்தப் புத்தகத்த எழுதினவருக்கும் தெரியல" என்றாராம். அந்த வாரம் முழுக்க வகுப்பே பாய் நெய்தவனைப் பற்றிப் பேசியது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது, எங்களைக் கவிழ்த்தது அதுதான். கேட்கிறவர் எந்த பாஷையோ அந்த பாஷைப் புத்தகம்தான் எடுத்துப் போக வேண்டும். பக்கத்து வீட்டு ரத்னம்மாவுக்குத் தமிழ் பேச்சு புரியும், கதை புரியாது. அவளும் கேட்க ஆசைப்பட்டாள். உடனே டீச்சர் தெலுங்குப் பக்கத்து ஹெட்மாஸ்டர் ராமய்யாவிடம் கேட்டுத் தெலுங்குக் கதைப் புத்தகங்களும் வாங்கி அதே நூலில் தொங்கவிட்டார். ரத்னம்மா புளி உடைக்க, சரோஜா தட்டுத் தடுமாறித் தெலுங்கு படிக்க, ரத்னம்மா திருத்த, ஆறு மாதத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் இரண்டு எழுத்தும் படித்தன. டீச்சருக்கு அதில் பெருமை. எனக்கும்தான்.

அப்புறம் பயம் வந்தது.

ஆந்திரா தனியாகப் பிரிந்து சில வருஷம் ஆகியிருந்தது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது தீரவில்லை. இன்றைக்கு நினைத்தால் ஏதோ வரைபடச் சண்டை என்று தோன்றும். எங்களுக்கு அது வாசலில் நின்றது. ஜீப் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தினோம். வயலில் யாரோ கல் நட்டால் அது எல்லைக்கல்லா, சர்வேக் கல்லா என்று பெண்கள் நடவு நட்டபடியே குசுகுசுத்தார்கள். காலையில் எழுந்தால் சுவரில் ஒரு பாஷையில் எழுதியிருக்கும், மறுநாள் அதன்மேல் சாணி அடித்து இன்னொரு பாஷையில் எழுதியிருக்கும். நான் திருத்தணிப் பக்கத்திலிருந்து கட்டிக்கொடுத்து வந்தவள். என் தாய்வீடு ஒரு நாட்டிலும் புருஷன் வீடு வேறு நாட்டிலும் ஆகிவிடுமா, நல்லது கெட்டதுக்குப் போய்வர விடுவார்களா என்று கேட்க ஆளில்லாமல் அடுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு நடக்கும்போது தெருவில் ஊர்வலம் வந்தது. நான் பள்ளிக்குக் குடிதண்ணீர் நிரப்பப் போயிருந்தேன். கோஷம் நெருங்க நெருங்கப் பிள்ளைகள் புத்தகத்தை மடியில் ஒளித்தன. டீச்சரைப் பார்த்தேன். முகத்தில் ரத்தம் இல்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்: "பயமா இருந்தா சத்தமாப் படிங்க." பிள்ளைகள் கத்திப் படித்தன. கிணற்றில் விழுந்த யானைக்குட்டியைப் பற்றிய கதை. கோஷத்துக்கு நடுவே யானைக்குட்டி, யானைக்குட்டி என்று அத்தனை தொண்டைகள். ஊர்வலம் நின்றுவிட்டது. ஜன்னலில் ஒரு தலை. கையில் கொடிக்கம்பு. "ஏம் புஸ்தகம்?" என்று கேட்டான், என்ன புத்தகம் என்று. டீச்சர் மேசையை விடவில்லை. சரோஜா எழுந்து தெலுங்கில், "யானைக்குட்டி கிணத்துல விழுந்துடுச்சி, மாமா" என்றாள். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். "ஜன்னலைச் சாத்திக்கோம்மா. பின்னால வர்றவங்க கல்லு வெச்சிருக்காங்க" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அவனே வெளியிலிருந்து கதவை இழுத்துச் சாத்தினான். டீச்சர் அன்று இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

எங்கள் பயத்தை ஒருவர் வீடு வீடாகச் சுமந்தார். அவர் என் வீட்டுக்காரரின் அண்ணன், எங்கள் எதிர் வீடு. நெசவாளர் சங்கத்தில் நூல் நிறுத்துக் கொடுக்கும் இடத்தில் இருந்தார். அதனால் அவர் சொன்னால் ஊர் கேட்கும். தமிழ் வகுப்பு வேண்டும் என்று எந்த வீட்டுக்காரர் வாயைத் திறக்கிறாரோ அந்த வீட்டுக்கு இனி நூல் வராது என்று சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் வாசலிலும் வந்து நின்றார்.

"யாரு சொன்னது மாமா?" என்றேன்.

"யாரு சொன்னா உனக்கு இன்னா? மேல பேசிக்கிறாங்க."

"மேலன்னா யாரு? பேரு இல்லையா அவங்களுக்கு?"

"தம்பி, உன் பொண்டாட்டிய அடக்கி வை. தறி நின்னா கதைப் பொஸ்தகத்தத் துன்னுவீங்களா?"

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. நாடா மட்டும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. மேலே யாரும் அப்படிப் பேசவில்லை என்பது பல வருஷம் கழித்துச் சங்கத்துக் கணக்குப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. என் வீட்டுக்காரரின் அண்ணனே பயந்தார். அவர் பயத்தையே மேலிடத்துச் செய்தியாக்கி எங்களுக்குப் பங்கு வைத்தார்.

அந்த நேரத்தில்தான் பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்று ஹெட்மாஸ்டர் ராமய்யா சொன்னார். தமிழ்ப் பக்கம் தேவையா என்று பார்த்து அவர் எழுதுவார். தேவையில்லை என்று எழுதினால் டீச்சருக்கு மாற்றல், வகுப்புக்குப் பூட்டு. பிள்ளைகள் தெலுங்குப் பக்கம் போய் உட்கார வேண்டியதுதான். டீச்சர் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நான் களி கொண்டுபோய் வைத்தால் உருண்டையைப் பிட்டுப் பிட்டுத் திரும்ப வைப்பார். "நான் போறது ஒன்னும் இல்ல கன்னிம்மா. எனக்கு சித்தூர்ல மனுஷங்க இருக்காங்க. ஆனா இவங்க வாசிக்கற வாசிப்பு பாதியில நின்னுடும்" என்றார்.

ஆய்வாளர் குண்டூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். அதட்டவில்லை. ஆண்கள் வகுப்பின் உள்ளே சுவரோரம் நின்றார்கள். பெண்கள் வாசலில். நான் தண்ணீர்ப் பானையோடு ஜன்னலோரம். அவர் நூலில் தொங்கும் புத்தகங்களைப் பார்த்துச் சிரித்தார். கையை நீட்டி அருகில் இருந்த ஒன்றை எடுத்தார். அது தெலுங்குப் புத்தகம். சரோஜாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

எங்கள் ஊரில் யார் எந்த பாஷையில் கேட்கிறாரோ அந்த பாஷையில் பதில் சொல்வதுதான் மரியாதை. பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். சரோஜா படித்தாள். அடுத்தவன் படித்தான். நான், நான் என்று கை தூக்கி எல்லாம் படித்தன. டீச்சர் ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன் முறை வரும் என்று காத்திருந்தார். ஆய்வாளருக்கு ஒரே சந்தோஷம். ராமய்யாவின் தோளைத் தட்டி, தெலுங்குப் பிள்ளைகளே இப்படிப் படிக்கவில்லையே, பிறகு எதற்குத் தனியாக ஒரு வகுப்பு என்று கேட்டார். பிறகு பெரியவர்கள் பக்கம் திரும்பி, மூடினால் உங்களுக்கு ஏதாவது இப்பந்தி உண்டா, கஷ்டம் உண்டா என்றார்.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரின் அண்ணன் கைகட்டி முன்னால் வந்தார். "இப்பந்தி ஏமீ லேது சார்" என்றார். ஒரு கஷ்டமும் இல்லை.

இதற்காக நான் அவர்மேல் கோபப்படவில்லை. அதிகாரி கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வோம். வீடு இடிந்து கிடந்தாலும் கஷ்டம் ஒன்றும் இல்லை என்போம். அதிகாரி உட்கார்ந்து, ஒரு வாய் குடித்து, இரண்டாம் தரம் கேட்பார். அப்போது சொல்வோம். இந்தப் பக்கத்து அதிகாரிகளுக்கு அது தெரியும். குண்டூர்க்காரருக்குத் தெரியவில்லை. இரண்டாம் தரம் கேட்காமல் எழுந்துவிட்டார்.

அப்போது என் தெலுங்கு சந்தைத் தெலுங்கு, காய்கறிக்கு மேல் வராது. பயத்தில் அதுவும் போனது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்க புள்ளைங்க படிப்ப நிறுத்திடாதீங்க சாமி" என்று கத்தினேன்.

அறை முழுக்க என்னைப் பார்த்தது. ஆய்வாளர் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று சுற்றிப் பார்த்துக் கேட்டார். ராமய்யாவுக்குத் தமிழ் தெரியும். டீச்சருக்கு இரண்டும் தெரியும். அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். என் வீட்டுக்காரரின் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மஜ்ஜிக தாகுதாரா அனி அடுகுதோந்தி சார்."

மோர் குடிக்கிறீர்களா என்று கேட்கிறாள் சார்.

ஆய்வாளர் முகம் மலர்ந்து என்னைப் பார்த்துக் கை கூப்பினார். வேண்டாம் அம்மா, இப்போதுதான் காப்பி குடித்தேன் என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ராமய்யா தரையைப் பார்த்தார். டீச்சரின் வாய் திறந்தது, எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, திறந்தே இருந்தது. ஒன்றும் வரவில்லை.

அன்று மாலையிலிருந்து கிணற்றடியில் எனக்குப் பெயர் மஜ்ஜிகம்மா. "இன்னா கன்னிம்மா, மோரு கீதா? தாளிச்சதா, வெறுமோரா?" என்று கேட்டவர்களின் பெயரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர்களும் சிரித்துத்தான் பயத்தைக் கழித்தார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

டீச்சரிடம் நான் அன்று சண்டை போட்டேன். முன்னறைக் கதவை இடித்துத் திறக்கச் சொன்னேன். "ரெண்டு பாஷை தெரிஞ்சவங்க நீங்க. அவரு பொய் சொல்றாரு சார்னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த. இன்னாத்துக்கு டீச்சரம்மா உங்க படிப்பு?" என்றேன். அவர் சாக்குச் சொல்லவில்லை. "பயம் கன்னிம்மா. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சி" என்றார். "அப்ப சத்தமாப் படிக்க வேண்டியதுதானே!" என்று அவர் வார்த்தையையே அவர்மேல் எறிந்துவிட்டு வந்தேன். அதற்கு இன்றுவரை வருத்தமில்லை.

திங்கட்கிழமை முன்னறை பூட்டியிருந்தது. டீச்சர் தனியாகச் சித்தூருக்குப் போயிருந்தார். தனியாகப் பேருந்து ஏறியே அறியாதவர். ஆய்வாளர் அலுவலகத்து வராந்தாவில் பகலெல்லாம் நின்று, கடைசியில் உள்ளே போய், அன்றைக்கு அந்த அம்மா மோர் வேண்டுமா என்று கேட்கவில்லை, இதைத்தான் கேட்டாள் என்று சொல்லியிருக்கிறார். ஆய்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "முந்தே செப்பாலி கதம்மா" என்றாராம். முன்பே சொல்லியிருக்க வேண்டாமா அம்மா. எழுதியது மேலே போய்விட்டது.

திரும்பி வந்து நேராக என் அடுப்படிக்கு வந்தார். புடவை முழுக்கத் தூசி. "சொல்லிட்டேன் கன்னிம்மா. லேட்டாத்தான் சொன்னேன்" என்றார். நான் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பயந்தவங்க லேட்டாத்தான் வருவாங்க. ஆனா வந்துடணும்."

அந்தப் பருவம் முடிந்ததும் வகுப்பு மூடப்பட்டது. டீச்சரைச் சித்தூர்ப் பக்கம் மாற்றினார்கள். புத்தகப் பெட்டியையும் அங்கே ஒப்படைக்க உத்தரவு. கடைசி நாள் பிள்ளைகள் வீட்டிலிருந்த புத்தகங்களைக் கொண்டுவந்து நீட்டின. சரோஜா அழுதுகொண்டே நீட்டினாள். டீச்சர் வாங்கவில்லை.

"கேள்வி எங்க?"

"கேள்வி இல்ல டீச்சர். இன்னும் படிக்கல."

"கேள்வி வராம நான் புத்தகத்த வாங்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா? வீட்டுக்கு எடுத்துக்கினு போ. வந்ததும் வாங்கிக்கறேன்."

ஒரு பிள்ளையிடமும் வாங்கவில்லை. நூலில் தொங்கியவற்றையும் இறக்கி, படிக்காததாகப் பார்த்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். காலிப் பெட்டியோடு பேருந்து ஏறினார். சித்தூரில் கேட்டபோது கரையான் அரித்துவிட்டது என்றாராம். ஞாயிறு தவறாமல் ஜெபத்துக்குப் போகிறவர். அந்தப் பொய்க்காக யாராவது வந்து விசாரிப்பார்கள் என்று மாதக்கணக்கில் வாசல் சத்தம் கேட்டாலே கொல்லைப்பக்கம் போய் நின்றுவிடுவாராம். டீச்சரின் தங்கை, ஜெயாவின் அம்மா, எனக்குச் சொன்னது இது. இந்தப் பெண்ணைத்தான் நீங்கள் துணிச்சல்காரர் என்கிறீர்கள். வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு, அவ்வளவு பயத்தோடு அவ்வளவும் செய்தார் என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது.

அந்தப் புத்தகங்கள் எங்கள் தெருவில் கிழியும்வரை சுற்றின. கிழிந்த பிறகு வேறு வரவில்லை. எல்லை ஒருவழியாகத் தீர்ந்தபோது என் தாய்வீடு அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். போய்வர யாரும் தடுக்கவில்லை. அத்தனை இரவு பயந்ததற்கு யாரிடம் போய்க் கேட்பது? சரோஜா தெலுங்கில் படித்துத் திருப்பதியில் தெலுங்கு டீச்சரானாள். நன்றாகத்தான் இருக்கிறாள். அவள் மகனுக்குத் தமிழ் பேச வரும், ஓர் எழுத்து படிக்க வராது. நான் எழுதும் இதை என் பேரன் படிக்க முடியாது. அவன் அம்மா படித்துக் காட்ட வேண்டும். எங்கள் தெருவில் அவன் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் இதே கதிதான். பிறகு ஒரு நாளும் அந்த ஊரில் தமிழ் வகுப்பு திறக்கவில்லை.

திறக்காமல் போனது எல்லாருக்கும் அல்ல. வகுப்பை மூடிய அடுத்த வருஷமே என் வீட்டுக்காரரின் அண்ணன் தன் மகனைத் திருத்தணியில் மச்சான் வீட்டில் விட்டுத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தார். வண்டியில் துணி மூட்டையோடு அந்தப் பிள்ளை உட்கார்ந்து போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

அவர் இறந்தபோது டீச்சர் சித்தூரிலிருந்து வந்தார். தலைமாட்டில் நின்று கண்ணை மூடி ஜெபம் செய்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெருமுனைவரை கூடப் போய்க் கேட்டேன், இவருக்குமா என்று. "அவரும் பயந்தவருதானே கன்னிம்மா. நான் அன்னிக்கே மன்னிச்சிட்டேன்" என்றார்.

"எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"இதுக்குமா கேள்வி?" என்று சிரித்தார்.

"நீங்க மன்னிச்சிக்குங்க. அது உங்க சாமி உங்களுக்குச் சொன்னது. எனக்கு யாரும் சொல்லல" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து வரும்வரை நின்றார். உள்ளங்கை அப்போதும் வேர்த்திருந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான், அடுப்படியில் நின்று அவர் சொன்ன அந்தச் சொல். பயந்தவர்களை நான் அதை வைத்துத்தான் அளக்கிறேன். டீச்சர் தாமதமாக வந்தார். ராமய்யா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் எங்கள் வாசலுக்கு வந்து, அன்றைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன், தப்பு அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் கடைசிப் படுக்கையில், "அண்ணன் வாய நான் பொத்தியிருக்கணும்மே" என்றார். மூன்று பேரிடமும் எனக்கு ஒன்றுமில்லை. இன்னொருவருக்கும் நேரம் இருந்தது. முடி நரைத்து, பல் விழுந்து, பேரன் பேத்தி எடுக்கிறவரை எதிர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு தெருதான். கடந்து வந்து, கன்னிம்மா, நீ கேட்டது மோர் இல்லை என்று எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதுவரை அவர் பெயரை எழுதாமல் வந்தேன். டீச்சர் இருக்கும்வரை, அவர் மனசு நோகும் என்று எங்கேயும் சொன்னதும் இல்லை. இப்போது டீச்சரும் இல்லை. நான் மன்னிக்காத அந்த ஆளின் பெயர் கோவிந்தசாமி.